நத்தை தின்ற முகம்

மூக்கம்மாள் மதினியின் கை நகங்கள் நீலமாக இருக்கும். கம்பெனிக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல நெயில் பாலிஷ் போட்டிருக்கீகளே" என்று கேட்டுத் தொலைப்பார்கள். பதிலுக்கு மதினி அண்டாவிலிருந்து துடுப்பை எடுத்து அவர்கள் பக்கமாக ஒரு உதறு உதறுவாள். பசை தெறித்த சேலையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வாங்கியிருக்கிறேன்.

அந்த நீலம் மயில் துத்தத்தால் வந்தது. திருத்தங்கலில் எங்கள் அச்சகத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மதினி பசை காய்ச்சுகிறாள். நான் முன்பக்கம் காலண்டர் உச்சியில் தகரப் பட்டை அடிக்கிறேன். மைதாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டி, இறக்குவதற்கு முன்னால் துத்தத்தைக் கலப்பாள். துத்தம் விஷம். அது இல்லாத பசை சீக்கிரம் புளித்து நாறும், ஒட்டின தாளை எலியும் கரப்பானும் விடாது. துத்தம் விழுந்ததும் அண்டாவில் லேசாக ஒரு நீலம் ஓடும். அதைப் பார்த்த பிறகுதான் மதினி அடுப்பை அணைப்பாள்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புருஷன் இசக்கிப்பாண்டி நெஞ்சுவலியில் போன அன்றைக்கு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காபி சரியில்லை என்று முணுமுணுத்தார்கள். "எந்திரிச்சுப் போங்க, உங்க வீட்ல போயி நல்ல காபியாக் குடிங்க" என்று விரட்டிவிட்டாள். குறி கேட்பது, கயிறு கட்டுவது, பல்லி விழுந்த பலன் பார்ப்பது எதுவும் அவளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு முருகம்மாளுக்கு அதெல்லாம்தான் பிழைப்பு என்பதால் இருவருக்கும் பேச்சு வார்த்தை அதிகம் கிடையாது. இப்படிப்பட்ட மதினிதான் ஒரு நத்தையை நம்பினாள்.

எங்கள் ஊர் நத்தை என்றால் அது சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். கருவேல மரத்துப் பட்டையிலும் சுவர் உச்சியிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும், மழை பெய்தால் பாசியைச் சுரண்டும், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பெரிய நத்தை பிறகு வந்தது. ஆப்பிரிக்க நத்தை என்று பேப்பரில் போட்டிருந்தான். எங்கள் தெருவில் அதற்குக் கேரளா நத்தை என்று பேர். அந்தப் பக்கமிருந்து கழிவுத்தாள் ஏற்றி வந்த ஏதோ ஒரு லோடில் வந்து இறங்கியது என்று பேசிக்கொள்வார்கள். உள்ளங்கை நிறைய இருக்கும். முருங்கை, பப்பாளி, ஈரமான அட்டைப்பெட்டி எதையும் விடாது. ஓடு வளர்வதற்காகச் சுவர்ச் சுண்ணாம்பைக்கூடச் சுரண்டித் தின்னும். வெயில் காலத்தில் ஓட்டுக்குள் போய், வாசலில் காகிதம் போல ஒரு வெள்ளை மூடியைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மழை பெய்தால்தான் தெரியும்.

சுந்தரபாண்டி மதினிக்கு ஒரே மகன். பட்டாசு ஆலையில் வேலை. எந்த ஆலை என்று எழுதி என்ன ஆகப்போகிறது? தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம், காலையில் வேன் ஏறிப் போனான். மதியத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுப்போம். மதினி ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டே மறு கையால் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கருகின வெள்ளி அரைஞாண் கொடி ஒன்றைக் காட்டினார்கள். "நான் எடுத்துக் குடுத்த கொடி மாதிரிதான் இருக்கு" என்றாள் மதினி. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் தடுத்துவிட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி வந்து எரித்தோம். மதினி அழவில்லை. மருமகள் ஐஸ்வர்யாதான் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சாத்தூர்ப் பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை.

முதலாளி சபரிநாதன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்தார். கல்யாணப் படத்திலிருந்து எடுத்த முகம், ஆள் உயரத்துக்குப் பாதி. போஸ்டர் ஒட்டுகிற பெத்தணன் கம்பெனிப் பசையை வாளியில் வாங்கிக்கொண்டு போய் ஊர் முழுக்க ஒட்டினார். மதினி வீட்டுக்கு எதிரே முன்பு தீப்பெட்டி பண்டல்களை அடுக்கி வைத்த, இப்போது பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் நீளமான சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது. அங்கே ஒட்டுவதற்கு மட்டும் மதினி அவரை விடவில்லை.

"இதை நான் ஒட்டுறேன். நீங்க போங்க."

வீட்டு அடுப்பில் சின்னச் சட்டியில் தனியாகப் பசை காய்ச்சினாள். நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசை வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றைக்கு இருந்த இருப்பில் நிறத்தை யார் பார்த்தார்கள்? முகம் வருகிற இடத்தில் மட்டும் கை நிறைய அள்ளி இரண்டு தடவை பூசினாள். "காத்துல பிஞ்சிரக் கூடாதுல்ல" என்றாள். ஒட்டிய பிறகு இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் தடவித் தடவி அமுக்கினாள். ஒரு குமிழிகூட இல்லாமல் மகன் சுவரில் பதிந்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி மழை பிடித்தது. காலையில் பால் வாங்கப் போன முருகம்மாள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. போஸ்டரில் பேர் இருந்தது. பிறந்த தேதியும் மறைந்த தேதியும் இருந்தன. கல்யாணச் சட்டையின் காலர்கூட அப்படியே இருந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஈரச் சுவர் தெரிந்தது. ஓட்டையின் விளிம்பில் நாலைந்து பெரிய நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டு அசையாமல் ஒட்டியிருந்தன. தரையிலிருந்து அதுவரைக்கும் பளபளவென்று கோடுகள் ஏறியிருந்தன.

நாலடி தள்ளி அதே சுவரில் ராஜபாண்டியன் போஸ்டர் இருந்தது. அதே வெடியில் போனவன். பெத்தணன் ஒட்டியது. அதன் மேல் ஒரு நத்தையின் தடம்கூட இல்லை.

முருகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உசுரோட இருக்கவனுக்கு அஞ்சலி ஒட்டினா சுவரு ஏத்துக்கிடுமா? ராஜபாண்டியன் முகம் இருக்குல்ல? உங்க மகன் முகம் மட்டும் எங்க போச்சு?"

அவள் வாயில் ஒரு கரண்டி பசையைச் சூடாக ஊற்றலாமா என்று எனக்கு வந்தது. மதினி எப்படியும் பிடித்து ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில முகத்தைக் காட்டல. இப்ப சுவரும் காட்ட மாட்டேங்குது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாதிரின்னுதான சொன்னேன் பாண்டிலெச்சுமி? அவன் கொடி மாதிரின்னுதான சொன்னேன்?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானமே காரியத்துக்குச் சொல்லியிருந்த பந்தலை வேண்டாம் என்றுவிட்டாள். ஐஸ்வர்யாவுக்குப் பூ வாங்கி வந்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தப் பிள்ளை பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. தலையில் வைக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் பூ வாடுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தது.

சூலக்கரையில் சுந்தரபாண்டி மாதிரியே ஒருவன் பஸ் ஏறினான் என்று முருகம்மாளின் சொந்தக்காரன் யாரோ சொன்னானாம். மறுபடியும் அந்த 'மாதிரி'. மதினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு சூலக்கரைக்குப் போய், கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வருகிற ஆம்பிளைகளின் முகத்தையெல்லாம் பஸ் படிக்கட்டுப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்தவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மதினி தினமும் சட்டியில் மைதாப் பசை காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிச் சுவருக்கு அடியில் வைத்தாள். நத்தைகள் போய்விட்டால் மகன் பற்றின தகவலும் போய்விடும் என்பது போல இருந்தது அவள் நடப்பு. நத்தை மேல் தூவ யாராவது உப்பைக் கொண்டு வந்தால் கையைத் தட்டிவிட்டாள். நத்தைகள் பெருகின. கிட்டங்கிச் சுவரில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் பழுப்பு ஓடுகள். எங்கள் ஊர்ச் சின்ன நத்தைகள் உச்சிக்கும் மேலே கூரை ஓட்டுச் சாய்ப்பில் போய் ஒடுங்கிக்கொண்டன.

அதோடு விடவில்லை. முகம் இருந்த இடத்துச் சுவர் பசையைக் குடித்திருந்ததாலோ என்னவோ, நத்தைகள் அங்கேயே சுற்றிச் சுற்றிச் சுரண்டின. சுண்ணாம்பு உதிர்ந்து, உள்ளே இருந்த செம்மண் பூச்சு தெரிய ஆரம்பித்தது. நெற்றி அகலமாக, கீழே வரவரக் குறுகலாக, சுவருக்குள் ஒரு முகம் குழிந்து வந்தது. மழை நிற்கிற நேரத்தில் பக்கத்தில் போனால் சத்தம் கேட்கும். தாளை நகத்தால் பிறாண்டுகிற மாதிரி, மெதுவாக, நிற்காமல். ஆலை வேன்கள் அந்த இடம் வந்ததும் வேகம் எடுத்தன. உள்ளே இருக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பகலிலேயே எனக்கு அந்தப் பக்கம் போகப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

சாத்தூரிலிருந்து ஐஸ்வர்யாவின் அப்பா வந்தார். பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்படிக் கூட்டிப்போவது? வளையல் போட்டு அனுப்புவதா, வெறுங்கையோடு அனுப்புவதா? அவர் வாயால் கேட்கவில்லை. ஐஸ்வர்யா கேட்டாள்.

"நான் யாருன்னு சொல்லி அனுப்புங்க அத்தை. அவுக இருக்காகன்னா நான் இங்கனயே காத்துக் கெடக்கேன். இல்லைன்னா அழுது தீத்துட்டுப் போறேன். ரெண்டும் இல்லாம என்னால பிள்ளையச் சுமக்க முடியல."

"அவன் வருவான்" என்றாள் மதினி. "வரும்போது போட்டுக்க நல்ல சட்டை இல்லாம இருக்கக் கூடாது." அன்று காலையிலேயே கல்யாணச் சட்டையை எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, ஜன்னலோரம் ஹேங்கரில் மாட்டியிருந்தாள். சாத்தூர்க்காரர் அன்று அங்கேயே தங்கிவிட்டார்.

மறுநாள் பகலெல்லாம் இருட்டிக்கொண்டு தூறியது. கம்பெனிக்கு விடுமுறை. ஐஸ்வர்யாவுக்கு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன்.

சுந்தரபாண்டியின் வெள்ளைச் சட்டையில் வலது கை அசைந்தது. காற்று இல்லை. தொங்கின கை முழங்கை இருக்கும் இடத்தில் மெல்லப் புடைத்து, தணிந்து, மறுபடி புடைத்தது. யாரோ உள்ளே கையை நுழைத்துக்கொண்டு வருவது போல இருந்தது. ஐஸ்வர்யா வீறிட்டாள். ரசம் என் காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை எனக்கு.

முருகம்மாள் எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, வாசலில் நின்று, "வந்துட்டான், வந்துட்டான்" என்று கையைக் கூப்பினாள்.

அடுப்படியிலிருந்து மதினி வந்தாள். "ஐயா, சுந்தரம்" என்று ஒரு சத்தம். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நேராகப் போய்ச் சட்டைக் கைக்குள் தன் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு பெரிய நத்தை இருந்தது. சட்டைக்குப் பின்னால் ஜன்னல் கம்பி வழியாக இன்னும் நாலைந்து ஏறிக்கொண்டிருந்தன.

மதினி சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலர் மடிப்பும் பாக்கெட்டின் அடியும் பிசுபிசுவென்று நைந்திருந்தன. முதுகுப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் துணிக்கொடியில் கிடந்த ஐஸ்வர்யாவின் சேலையை எடுத்து உதறினாள். அதில் ஒன்றும் இல்லை. சட்டையை முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள்.

"கஞ்சி" என்றாள். "கஞ்சி தேங்கின இடமாப் பாத்துத் தின்னுருக்கு."

"என்ன மதினி?" என்றாள் முருகம்மாள்.

"நீ வீட்டுக்குப் போ முருகம்மா." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். முருகம்மாள் பயந்துபோய்ப் போய்விட்டாள்.

சாயங்காலம் மதினி முதலாளி வீட்டில் போய்க் கம்பெனிச் சாவியை வாங்கினாள். என்னையும் கூட்டிப்போனாள். அடித்து மிச்சம் கிடந்த போஸ்டர்களில் மகன் போஸ்டரை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, கொட்டகையில் அடுப்பைப் பற்ற வைத்தாள். மைதா கொதித்து வந்தது. துத்தம் இருக்கிற பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, போடாமல் அப்படியே நின்றாள். பசை அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் காய்ச்சி அடிப்பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"அன்னைக்கு நான் துத்தம் போடல, பாண்டிலெச்சுமி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளைப் பசை ஞாபகத்துக்கு வந்தது.

"புள்ள முகத்துல விஷத்தைத் தடவ மனசு வரல. பெத்தவ கையால எப்படித் தடவ? பால்சோறு பிசையுற மாதிரி வெறும் மாவை அள்ளிப் பூசினேன். முகத்துக்கு ரெண்டு மடங்கு. அதான் அது வந்து தின்னுட்டுப் போயிருக்கு. ராஜபாண்டியன் ஆத்தா பசை காய்ச்சல, அதான் அவன் முகம் தப்பிச்சிருச்சு."

"மதினி, வாங்க, வீட்டுக்குப் போவோம். நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

"நாளைக்குப் போட்டாலும் இதே கையிதான போடணும்."

போட்டாள். ஒரு பிடி, மேலும் ஒரு பிடி. கிண்டக் கிண்ட அண்டாவில் நீலம் ஓடியது. அவள் துடுப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அந்த ஆலை எரிந்தபோது ஒரு கையால் கிண்டிக்கொண்டே போன் போட்டவள், இப்போது இரண்டு கையாலும் கிண்டினாள்.

இருட்டுவதற்குள் சுவருக்கு வந்துவிட்டோம். ஒட்டியிருந்த நத்தைகளை அவளே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டாள். பிடுங்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போட்டது. குழிந்திருந்த முகத்துக்குள் பசையை அப்பி மெழுகினாள். அதன் மேல் போஸ்டரை விரித்து, உள்ளங்கையால் அமுக்கினாள். இந்தத் தடவை கன்னத்தைத் தடவவில்லை. சுவரில் தாள் ஒட்டுகிறவள் எப்படி ஒட்டுவாளோ அப்படி ஒட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

ராத்திரி விடாமல் கொட்டியது. நான் தூங்கவில்லை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதினி எனக்கு முன்னாலேயே அங்கே நனைந்துகொண்டு நின்றாள்.

சுவர் முழுக்க நத்தைகள் இருந்தன. நாங்கள் பிடுங்கியதைவிட அதிகம். எல்லாம் போஸ்டரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, வட்டமாக, தலையை உள்பக்கம் வைத்து நின்றிருந்தன. கொம்புகள் நீள்வதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தன. வட்டத்தைத் தாண்டி உள்ளே போன சில, நுரை கக்கிச் சுருண்டு கீழே விழுந்து கிடந்தன. நடுவில் சுந்தரபாண்டியின் முகம் ஒரு கீறல் இல்லாமல், கல்யாணச் சிரிப்போடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதினி வாசல் பக்கம் திரும்பினாள். ஐஸ்வர்யா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாத்தா. வந்து பாரு. முகத்தைப் பாத்துக்கோ" என்றாள் மதினி. அந்தப் பிள்ளை மழையில் இறங்கி வந்தது. மதினி அவள் தோளைப் பிடித்துச் சுவருக்கு நேராக நிறுத்தினாள்.

"நான் யாருன்னு கேட்டீல்ல? நீ என் மக. சாத்தூருக்குப் போயி நல்லபடியாப் பிள்ளையப் பெத்துட்டு வா. அவன் வர மாட்டான். செத்துப் போயிட்டான் என் மகன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, நீல நகங்களால் மார்பில் அடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முருகம்மாள் வந்து கூடச் சேர்ந்து அழுதாள், நானும் அழுதேன். ஆலை வேன் ஒன்று வந்து, எங்களைத் தாண்டிப் போக முடியாமல் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

காரியம் முடிந்தது. ஐஸ்வர்யாவுக்குப் பெண் குழந்தை, யோகலட்சுமி என்று பேர். மதினி மறுபடி கொட்டகையில் பசை காய்ச்சுகிறாள், கேள்வி கேட்கிற பிள்ளைகள் மேல் துடுப்பை உதறுகிறாள். ராஜபாண்டியன் போஸ்டர் வெயிலில் வெளுத்து உரிந்து எப்போதோ போய்விட்டது. அதன் மேல் கல்யாண போஸ்டர், காதுகுத்து போஸ்டர் என்று எத்தனையோ ஒட்டிக் கிழித்தாகிவிட்டது. சுந்தரபாண்டியின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. பசையில் அவ்வளவு துத்தம் போட்டிருக்கிறாள் பெற்றவள்.